பழுதானால் சிவப்பு

ராக்ஹாம்ப்டனில் முப்பத்தோராண்டு
ரயில்வே சிக்னல் பழுது பார்த்தவர் கிளைவ் ரடக்.
சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு
ரிலே பெட்டிக்குள் தலையை விட்டிருந்த ஒரு ஜனவரியில்
பயிற்சிக்கு வந்த லாக்லன்தான் சொன்னான்:
தோள்பட்டைக்குக் கீழே கறுப்பாய் ஏதோ,
தார் ஒட்டியிருக்கிறதா?
டீசல் துணியால் தேய்த்துப் பார்த்தார்கள்.
போகவில்லை.

மச்சக்காரன் என்றால் அதிர்ஷ்டக்காரன்.
இது அந்த மச்சமில்லை.
ஓரம் அரித்துப்போன தீவு,
ஒரு பக்கம் பழுப்பு, ஒரு பக்கம் நீலம்.
தன் முதுகைத் தானே பார்க்க
யாருக்கு வாய்த்திருக்கிறது.

வெட்டி எடுத்தார்கள்.
பதினான்கு மாதம் கழித்து
நுரையீரலில் இரண்டு, கல்லீரலில் ஒன்று.
திசுத்துணுக்கு பிரிஸ்பேனுக்குப் போனது,
அவர் காத்த தண்டவாளத்தில் அல்ல, விமானத்தில்.
அதில் அவருக்குச் சின்ன வருத்தம்.

டாக்டர் ஃபரிபா நூரி
மருந்துச்சீட்டின் பின்பக்கத்தில் வரைந்தார்:
செல்லின் சுவர். வெளியே ஓர் அழைப்புமணி.
உள்ளே ஒருவர் தோளை ஒருவர் தட்டும் புரதங்கள்.
ராஸ் தட்டினால் பிராஃப் விழிக்கும்,
பிராஃப் மெக்கைத் தட்டும், மெக் எர்க்கை,
எர்க் உட்கருவுக்குள் போய்
ஒரே சொல் சொல்லும்: பெருகு.
யாரும் தட்டாதபோது எல்லாரும் உறங்க வேண்டும்.
"உங்கள் பிராஃப் உறங்குவதேயில்லை.
அறுநூறாவது இடத்தில் வாலின் இருக்க வேண்டும்,
குளூட்டமிக் அமிலம் இருக்கிறது.
மரபணுவில் ஒரே ஓர் எழுத்து.
டி இருந்த இடத்தில் ஏ."

கிளைவ் நெடுநேரம் தாளைப் பார்த்தார்.
"மணி அடிக்காமலே பச்சை எரிகிறது."
"ஆமாம்."
"கம்பி அறுந்தாலும் மின்சாரம் போனாலும்
எலி கடித்தாலும்
எங்கள் விளக்கு சிவப்பில்தான் விழும்.
பழுதா, நில். அதுதான் முதல் பாடம்.
இதை யார் வடிவமைத்தது?"
மருத்துவர் பேனாவை மூடினார்.

வெயிலா என்று டெஸ்லி கேட்டாள்,
முப்பது வருடத் தொப்பிச் சண்டை அவள் குரலில்.
வெயில் செய்யும் எழுத்துப்பிழை வேறு மாதிரி,
பெரும்பாலும் சி-யை டி ஆக்கும்.
அந்தக் கையெழுத்து
திசு முழுக்க ஆயிரக்கணக்கில் கிடந்தது,
இந்த ஓர் எழுத்தில் மட்டும் இல்லை.
தலையெழுத்து என்று சொல்லிவிட்டுப் போகலாம்.
கிளைவ் அப்படிப்பட்ட ஆளில்லை.
பழுதறிக்கையில் 'காரணம்' என்ற கட்டத்தை
ஒருநாளும் அவர் காலியாக விட்டதில்லை.

மாத்திரை இரண்டு வகை.
ஒன்று பிராஃபின் கையைப் பிடிக்கும், மற்றது மெக்கின் கையை.
இரண்டாவதை ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும்,
வெண்ணெய்க்குப் பக்கத்தில் வைத்தாள் டெஸ்லி.
மூன்றாம் வாரம் காய்ச்சல்.
வெளியே ஊரே வெந்துகொண்டிருக்க
இரண்டு போர்வைக்குள் அவர் பற்கள் தந்தியடித்தன.
ஒன்பதாம் வாரம் ஸ்கேன்:
நுரையீரலில் ஒன்றைக் காணோம், இன்னொன்று பட்டாணி.
கார் நிறுத்துமிடத்தில் டெஸ்லி அழுதாள்,
கண்ணாடியில் செருகியிருந்த அபராதச் சீட்டுக்கும் சேர்த்து.

எத்தனை நாள் என்று கேட்டார்.
மருத்துவர் மறைக்கவில்லை.
அடைத்த தடத்துக்குப் பக்கத்தில்
அது கிளைத்தடம் போடலாம்.
சிலருக்கு ஒரு வருடத்துக்குள்,
சிலருக்குப் பல வருடம் கழித்து,
சிலருக்கு இன்னும் இல்லை.
கிளைவ் தலையசைத்தார்:
"நானாயிருந்தாலும் அதைத்தான் செய்வேன்."

கிரேஸ்மியர் வீட்டுக்குப் பின்னால்
இரவு இரண்டு மணிக்கு நிலக்கரி ரயில்.
இன்று வேகம் குறைகிறது,
பெட்டி பெட்டியாய் இரும்பு முனகி
நின்றேவிடுகிறது.
முன்னால் எங்கோ ஒரு சிவப்பு.
படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்,
நூற்றுச்சொச்சம் பெட்டிகளின் பாரம்
நகராமல் இருக்கும் அந்த ஓசையை.
இன்னும் கொஞ்சம், என்றார் இருட்டில்.
யாரிடம் என்று டெஸ்லி கேட்கவில்லை.